கை மாறிய கோடுகள்

2017 செப்டம்பரில் ‘ஒன் பஞ்ச் மேன்’ இரண்டாம் சீசனைப் பற்றி ஒரு சிறிய அறிவிப்பு வந்தது. இயக்குநர் ஷிங்கோ நட்சுமேயின் இடத்தில் சிகாரா சகுராய். மேட்ஹவுஸ் ஸ்டூடியோவின் இடத்தில் ஜே.சி.ஸ்டாஃப். அப்போது ஒரு காட்சிகூட வெளியாகியிருக்கவில்லை. ஆனாலும் ரசிகர்கள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். 2019 ஏப்ரலில் முதல் எபிசோடு ஒளிபரப்பானதும் ‘அப்போதே சொன்னோமே’ என்ற பேச்சுதான் எங்கும். அன்று முதல், எந்தத் தொடருக்கு ஸ்டூடியோ மாறினாலும் முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்தக் கதைதான்.

இரண்டாம் சீசன் சரிந்தது உண்மை. ஆனால் அதற்கு ஸ்டூடியோவின் பெயரைக் காரணமாகச் சொல்வது பாதி உண்மைகூட இல்லை. கடந்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் கை மாறிய தொடர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், சில கெட்டிருக்கின்றன, சில வேறு அழகு பெற்றிருக்கின்றன, சிலவற்றில் மாற்றம் நடந்ததே கண்ணுக்குத் தெரியவில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் கேள்விகள் இரண்டு: யார் யார் கூடவே வந்தார்கள்? அவர்களுக்கு எவ்வளவு காலம் கொடுக்கப்பட்டது?

‘ஒன் பஞ்ச் மேன்’ முதல் சீசன் எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்கலாம். ‘ஒன்’ என்ற புனைபெயரில் எழுதுபவர் 2009-இல் இணையத்தில் வரையத் தொடங்கிய கதை அது. கோடுகள் குழந்தை கிறுக்கியதைப் போல இருக்கும்; கதையின் பலம் வேறு. 2012-இல் யூசுகே முராதா அதை மங்காவாக மறுபடி வரையத் தொடங்கினார். ஒரு குத்துக்குப் பத்துப் பக்கம் ஒதுக்கவும் அஞ்சாதவர் அவர். அந்தப் பக்கங்களைத் திரையில் அசைய வைப்பது சாதாரண வேலையில்லை. 2015 அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்த 12 எபிசோடுகளில் நட்சுமே அதைச் செய்து காட்டினார்.

ஐந்தாவது எபிசோடில் நாயகன் சைத்தாமாவும் அவருடைய சீடனான, இயந்திர உடல் கொண்ட ஜெனோஸும் மோதும் பயிற்சிச் சண்டையை நினைத்துப் பாருங்கள். ஜெனோஸின் தாக்குதல் பாறைகளைப் பிளக்கிறது, புகை சுழல்கிறது, கேமரா அவர்களோடு சேர்ந்து ஓடுகிறது. கடைசியில் சைத்தாமாவின் முஷ்டி ஜெனோஸின் முகத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. அது முகத்தைத் தொடவே இல்லை. ஆனால் அதன் காற்று மட்டும் பட்டு, பின்னால் இருந்த மலை இல்லாமல் போகிறது. ஓடிக்கொண்டே இருந்த காட்சி அந்த ஒரு கணத்தில் உறைந்து நிற்பதுதான் அதன் வலிமை. எங்கே அசைய வேண்டும், எங்கே அசையக் கூடாது என்று தெரிந்தவர்கள் வரைந்தது அது.

அப்படி வரைந்தவர்களில் பலர் மேட்ஹவுஸின் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் இல்லை. நட்சுமேயின் மீதும் இந்தக் கதையின் மீதும் இருந்த பிரியத்தால் வந்து சேர்ந்த ஃப்ரீலான்ஸ் கலைஞர்கள். கடைசி எபிசோடில் வில்லன் போரோஸுடன் நடக்கும் சண்டையில் கைவைத்த யூத்தாகா நாகாமுரா, போன்ஸ் என்ற வேறொரு ஸ்டூடியோவின் படைப்புகளோடு சேர்த்தே பேசப்படுபவர். பட்ஜெட் கொட்டிக் கிடந்தது என்று பலரும் நம்பினார்கள். அந்தத் தொடரில் பணியாற்றிய ஆஸ்திரிய அனிமேட்டர் பாஹி ஜேடி, அது வழக்கமான டிவி பட்ஜெட்தான் என்று பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். கல்யாண மண்டபத்தின் பெயரா பந்தியின் ருசியைத் தீர்மானிக்கிறது? சமையல்காரர் யார், அவர் யாரையெல்லாம் கூட்டி வந்தார் என்பதல்லவா தீர்மானிக்கிறது!

ஜப்பானில் டிவி அனிமே தயாராகும் முறையே இப்படித்தான். பெரும்பாலான தொடர்களின் உடைமை ஸ்டூடியோவிடம் இருப்பதில்லை. பதிப்பகம், டிவி நிறுவனம், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம், விளம்பர நிறுவனம் எனப் பல முதலீட்டாளர்கள் சேர்ந்த ‘தயாரிப்புக் குழு’விடம்தான் உரிமை இருக்கும். 1990-களிலிருந்து இதுவே நடைமுறை. ஸ்டூடியோ ஒரு தொகைக்கு வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர், அவ்வளவுதான். தொடர் உலகமெங்கும் ஓடிச் சம்பாதித்தாலும், குழுவில் பங்கு இல்லாத ஸ்டூடியோவுக்கு அதில் பெரிதாக ஒன்றும் சேராது. ஆகவே அடுத்த சீசனுக்குக் குழு அழைக்கும்போது ஸ்டூடியோவின் அட்டவணை நிரம்பியிருந்தால் அது ‘முடியாது’ என்கிறது. குழு காத்திருக்கலாம், அல்லது வேறு ஸ்டூடியோவைத் தேடலாம். புகழ் ஆறிவிடும் என்ற பயத்தில் பெரும்பாலும் தேடவே செய்கிறது.

ஸ்டூடியோவுக்குள் நிலைமை என்ன? அரை மணி நேர எபிசோடு ஒன்றில் சுமார் 300 ‘கட்’கள் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு உறை. லேஅவுட், முக்கிய அசைவுகளின் கீ ஓவியங்கள், திருத்தத் தாள்கள் எல்லாம் அதற்குள். தயாரிப்பு உதவியாளர்கள் இரவில் காரை எடுத்துக்கொண்டு டோக்கியோவின் புறநகர்களில் அனிமேட்டர்களின் வீடு வீடாகப் போய் இந்த உறைகளைக் கொடுத்தும் வாங்கியும் வருவது பல காலம் நடந்த வழக்கம். இப்போது கணிசமான வேலை கணினிக்கு மாறிவிட்டது. ஆள் தேடும் ஓட்டம் மட்டும் மாறவில்லை. கீ ஓவியம் வரைபவருக்குப் பெரும்பாலும் கட் கணக்கில் கூலி. இன்று இந்த ஸ்டூடியோவுக்கு வரைபவர் நாளை வேறொன்றுக்கு வரைவார். அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதிக்க வைக்கும் உறவு, ஒரு இயக்குநரிடமோ ஒரு தயாரிப்பாளரிடமோ இருக்கிறது. ஸ்டூடியோ மாறும்போது முகங்களின் மாதிரி ஓவியங்களையும் நிறப் பட்டியலையும் கொடுத்து அனுப்பலாம். இந்த உறவைக் கொடுத்து அனுப்ப முடியாது.

‘ஒன் பஞ்ச் மேன்’ இரண்டாம் சீசன் இதற்குச் சுத்தமான சான்று. தொடரின் திரைக்கதைப் பொறுப்பில் அதே தொமோஹிரோ சுசுகி இருந்தார். பாத்திர வடிவமைப்பில் அதே சிகாஷி குபோதா, இசையில் அதே மக்கோதோ மியாசாகி, சைத்தாமாவின் குரலுக்கு அதே மக்கோதோ ஃபுருகாவா. காகிதத்தில் பார்த்தால் பாதி அணி அப்படியே வந்திருக்கிறது. வராதவர் நட்சுமே, அவர் வராததால் வராமல் போனவர்கள் அவருடைய நண்பர்கள். நட்சுமே 2017-இல் ‘அக்கா 13’ தொடரையும், 2019 ஜனவரியில் ‘பூகிபாப்’ தொடரையும் அதே மேட்ஹவுஸில் இயக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கூட்டமும் காலமும் வேறு கதைகளுக்குப் போயிருந்தன.

ஜே.சி.ஸ்டாஃப் பக்கத்தையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1986-இல் தொடங்கிய நிறுவனம். ‘உத்தேனா’, ‘ஹனி அண்ட் க்ளோவர்’, ‘தொராதொரா’ ஆகியவற்றைத் தந்த இடத்தைத் திறமையற்றது என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் 2019-இல் அதன் கையில் எத்தனை தொடர்கள்! ‘டேட் எ லைவ்’ மூன்றாம் சீசன், ‘இண்டெக்ஸ்’ மூன்றாம் சீசனின் பின்பகுதி, ‘ஆக்செலரேட்டர்’, ‘டான்மாச்சி’ இரண்டாம் சீசன், ‘ஃபுட் வார்ஸ்’ நான்காம் சீசன். இவற்றுக்கு நடுவில்தான் உலகமே காத்திருந்த ஒரு தொடர். நெருக்கடி எங்கே தெரிந்தது என்றால், ஜெனோஸின் இரும்புக் கைகளில். முதல் சீசனில் அந்தக் கைகளுக்கு அடர்ந்த கரு நிழல், அதில் கையால் வரைந்த சில வெண் கீற்றுகள். அவ்வளவிலேயே உலோகத்தின் கனம் தெரியும். இரண்டாம் சீசனில் ஓவிய அடுக்குகளை ஒன்றுசேர்க்கும் கட்டத்தில் ஒரு உலோகப் பளபளப்பை மேலே பூசினார்கள். கை அசைகிறது, பளபளப்பு தனியாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. குறைந்த நேரத்தில் செழுமை காட்ட எடுத்த குறுக்குவழி என்றே எனக்குப் படுகிறது.

கதையின் பங்கும் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் சீசனுக்குப் போரோஸின் விண்கலம் என்ற மாபெரும் உச்சம் கிடைத்தது. இரண்டாம் சீசனின் நாயகன் கிட்டத்தட்ட ஹீரோக்களை வேட்டையாடும் காரோதான். சைத்தாமா பெரும்பாலும் விக் வைத்துக்கொண்டு ஒரு தற்காப்புக்கலைப் போட்டியில் நிற்கிறார். நிறைய புதிய முகங்கள், நிறைய மனிதர்-மனிதர் சண்டைகள், முடிவில்லாத ஒரு முடிவு. நட்சுமே இருந்திருந்தாலும் இந்தப் பகுதி முதல் சீசனின் வேகத்தில் ஓடியிருக்காது.

‘அட்டாக் ஆன் டைட்டன்’ கதை இதைவிடச் சிக்கலானது, என்னைப் பொறுத்தவரை இதைவிடச் சுவையானதும்கூட. 2013-இலிருந்து 2019 ஜூலை வரை மூன்று சீசன்களை விட் ஸ்டூடியோ எடுத்தது. புரொடக்‌ஷன் ஐ.ஜி.யிலிருந்து பிரிந்து 2012-இல் உருவான நிறுவனம் அது. இந்தத் தொடர்தான் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது. தெத்சுரோ அராக்கியின் பார்வையில் உருவான அந்த உலகத்தின் அடையாளம் தடித்த விளிம்புக் கோடும், கம்பி வடங்களில் தொங்கிப் பறக்கும் வீரர்களின் வேகமும். மூன்றாம் சீசனின் தொடக்கத்தில் எதிரி கென்னியின் ஆட்களிடமிருந்து வீரர் லீவாய் தப்பும் துரத்தல் காட்சியில் கேமரா அவரோடு சேர்ந்து கூரைகளுக்கு மேல் புரள்கிறது, சந்துக்குள் பாய்கிறது. ஆரிஃபுமி இமாய் வரைந்த அந்தப் பறத்தலுக்கு இணையாக டிவியில் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறோம்.

மூன்றாம் சீசனோடு விட் விலகிக்கொண்டது. இறுதிப் பகுதியை மாப்பா ஸ்டூடியோ ஏற்று, 2020 டிசம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. முந்தைய சீசன் முடிந்து பதினேழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதே நேரத்தில் மாப்பாவில் ‘ஜுஜுட்சு கைசன்’ முதல் சீசனும் ஓடிக்கொண்டிருந்தது. இந்த இறுக்கத்தில் இயக்குநர் யூய்ச்சிரோ ஹயாஷி எடுத்த ஒரு முடிவை நான் மதிக்கிறேன்: விட்டைப் போல வரைய அவர் முயலவில்லை. கோடு மெலிந்தது. முகங்களில் சுருக்கங்களும் நிழலும் கூடின. ஹாஜிமே இசாயாமாவின் பிற்கால மங்கா ஓவியத்துக்கு அது நெருக்கமானது. கதையும் அதற்கு இடம் கொடுத்தது. முந்தைய சீசன் கடற்கரையில் முடிந்தது. இந்தச் சீசன் கடலின் மறுகரையில் தொடங்குகிறது. பதுங்குகுழி, பீரங்கி, வான்கப்பல், களைத்துப்போன வீரன் ராய்னர். நாம் அறிந்த வீரர்கள் எதிரிகளாக வருகிறார்கள். பழைய நிறத்தில், பழைய கோட்டில் இதைக் காட்டியிருந்தால் அந்த அந்நியம் நமக்கு உறைத்திருக்காது.

இழப்பும் இருந்தது. இராட்சத உருவங்களான டைட்டன்கள் பலவும் கணினி வரைகலைக்குப் போயின. கையால் வரைந்த சதையின் கனம் பல ஷாட்களில் குறைந்தது. கம்பி வடங்களின் பறத்தல் முன்புபோல் மூச்சடைக்கவில்லை. இதற்காகப் படைப்புக் குழுவினரை இணையத்தில் வசைபாடியவர்கள் ஏராளம். அவர்கள் கவனிக்காமல் விட்டது தொடர்ச்சியின் இழைகளை. இறுதிப் பகுதியின் திரைக்கதைப் பொறுப்பை ஏற்ற ஹிரோஷி செகோ முதல் சீசனிலிருந்தே இத்தொடருக்கு எழுதி வந்தவர். ஹிரோயுகி சவானோவின் இசை கூடவே வந்தது, கோஹ்தா யமமோதோவும் சேர்ந்துகொண்டார். குரல்கள் மாறவில்லை. 2023 நவம்பரில் கதை முடிந்தபோது, பழைய எதிர்ப்பாளர்களில் பலர் மனம் மாறியிருந்தார்கள்.

இதே இரண்டு ஸ்டூடியோக்களுக்கு இடையே இன்னொரு தொடரும் கை மாறியது. மக்கோதோ யுகிமுராவின் ‘வின்லாண்ட் சாகா’. 2019-இல் முதல் சீசன் விட். 2023-இல் இரண்டாம் சீசன் மாப்பா. இங்கே இயக்குநர் ஷூஹெய் யபுதா, பாத்திர வடிவமைப்பாளர் தகாஹிகோ அபிரு, எழுத்தாளர் செகோ, இசையமைப்பாளர் யூத்தாகா யமாதா என முதன்மை அணி முழுவதும் கூடவே நடந்து போனது. கதை வைகிங் போர்க்களத்தை விட்டு டென்மார்க்கின் ஒரு பண்ணைக்கு வந்துவிட்டது. அடிமையான தோர்ஃபின்னும் ஐனாரும் காட்டை வெட்டித் திருத்துகிறார்கள், அடிமரங்களை வேரோடு பிடுங்குகிறார்கள், கோதுமை முளைப்பதற்குக் காத்திருக்கிறார்கள். வாளெடுத்தே வளர்ந்த ஒருவன் மண்வெட்டி பிடிக்கப் பழகும் உடல்மொழியை அவசரமில்லாமல் 24 எபிசோடுகளில் காட்டினார்கள். ஸ்டூடியோ மாறியது என்று சொல்லாவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. இதே 2023-இல், இதே மாப்பாவில், ‘ஜுஜுட்சு கைசன்’ இரண்டாம் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அனிமேட்டர்கள் வேலை நெருக்கடியைப் பொதுவெளியில் கொட்டித் தீர்த்தார்கள். ஒரே பெயர்ப்பலகை, ஒரே ஆண்டு, இரண்டு வேறு வாழ்க்கை.

‘நட்சுமேயின் நட்பேடு’ (இந்த நட்சுமே கதையின் நாயகன்) இன்னும் அமைதியான உதாரணம். நான்கு சீசன்களைப் பிரெயின்ஸ் பேஸ் ஸ்டூடியோ எடுத்தது. அங்கிருந்து பிரிந்தவர்கள் 2013-இல் ஷூகா என்ற சிறிய ஸ்டூடியோவைத் தொடங்க, 2016-இன் ஐந்தாம் சீசன் முதல் தொடர் அவர்களோடு போனது. இயக்குநர் தகாஹிரோ ஓமோரி தலைமை இயக்குநராகக் கூட இருந்தார். ஆவிகளின் பெயர்களைத் திருப்பித் தரும் அந்தச் சிறுவனின் கோடைக்காலம் அதே வெளிச்சத்தோடு தொடர்ந்தது. சட்டப்படி ஸ்டூடியோ மாறியது. நடைமுறையில் அலுவலக முகவரி மாறியது.

பிரெயின்ஸ் பேஸ் தொடங்கி வைத்த இன்னொரு தொடரில் மாற்றம் நன்மையாகவே முடிந்தது. ‘ஒரேகைரு’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பள்ளிக்கூடக் கதையின் முதல் சீசன் 2013-இல் அங்கே உருவானது. 2015-இல் இரண்டாம் சீசன் ஃபீல் ஸ்டூடியோவுக்கு, கெய் ஓய்காவாவின் இயக்கத்துக்குப் போனது. முகங்கள் பொன்கான்8-இன் மூல ஓவியங்களை நெருங்கின, நிறம் தணிந்தது. அதே நேரத்தில் கதையும் கேலியை விட்டு மனக்காயங்களுக்குள் இறங்கியது. சொல்லாமல் விட்டதைக் கண்ணும் கழுத்தும் சொல்ல வேண்டிய இடங்களில் புதிய வடிவமைப்பு தாங்கிப் பிடித்தது. இரண்டாம் சீசனே அந்தத் தொடரின் உண்மையான முகம் என்பேன்.

ஸ்டூடியோவின் பெயருக்கே பொருள் இருக்கும் இடங்களும் உண்டு, அதை மறுப்பது நேர்மையாகாது. கியோத்தோ அனிமேஷன் அப்படிப்பட்டது. டோக்கியோவிலிருந்து விலகி உஜியில் அமர்ந்து, கலைஞர்களைத் தானே பயிற்றுவித்து, சம்பளத்தில் வைத்திருக்கும் நிறுவனம். 2002-இல் கொன்சோ எடுத்த ‘ஃபுல் மெட்டல் பேனிக்’ அடுத்த ஆண்டு ‘ஃபுமோஃபு’ என்ற கிளைக்கதையாக அங்கே வந்தபோது, நகைச்சுவையின் நேரக்கணக்கும் உடல்களின் அசைவும் ஒரு படி மேலே போயின. இயக்கிய யசுஹிரோ தகேமோதோ 2019 ஜூலை தீ வைப்பில் பலியான 36 பேரில் ஒருவர். வேலை செய்பவர்கள் ஒரே கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் ஸ்டூடியோவின் பெயர் ஒரு பாணியைக் குறிக்கும். மற்ற இடங்களில் அது பெரும்பாலும் ஒரு விலாசம்.

‘செவன் டெட்லி சின்ஸ்’ தொடரைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஏ-1 பிக்சர்ஸிடமிருந்து 2019-இல் ஸ்டூடியோ டீனுக்குப் போனது. மெலியோடஸுக்கும் எஸ்கனாருக்கும் நடக்கும் சண்டையின் கோணலான சட்டகங்கள் கேலிப்படங்களாக உலகைச் சுற்றின. அணியும் போய், காலமும் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் எதுவுமே மாறாமலும் ஒரு தொடர் விழலாம். ‘தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட்’ 2019-இலும் 2021-இலும் க்ளோவர்வொர்க்ஸில்தான் உருவானது. இரண்டுக்கும் இயக்குநர் மமோரு கான்பே. முதல் சீசன் அவ்வளவு இறுக்கமானது. இரண்டாம் சீசன் மங்காவின் ‘கோல்டி பாண்ட்’ பகுதியை முழுவதும் தாண்டிப் போய், பெருங்கதையைப் பதினோரு எபிசோடுகளுக்குள் திணித்தது. இறுதி எபிசோடுகளின் பெயர்ப் பட்டியலில் திரைக்கதையாசிரியர் பெயரே இல்லை. அதே 2021 ஜனவரியில் ‘ஹோரிமியா’, ‘வண்டர் எக் பிரியாரிட்டி’ என இன்னும் இரண்டு தொடர்கள் அந்த ஸ்டூடியோவிலிருந்து ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தன.

‘ஒன் பஞ்ச் மேன்’ மூன்றாம் சீசனும் ஸ்டூடியோ மாறாமலே விழுந்த இந்த வரிசையில்தான் சேரும். 2025 அக்டோபரில், ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, அதே ஜே.சி.ஸ்டாஃபிடமிருந்து வந்தது; இயக்குநர் மட்டும் ஷின்பேய் நாகாய். காரோ ஒரு மலைச்சரிவில் சறுக்கி இறங்கும் ஷாட்டில் உருவம் ஒரே படமாக உறைந்து நிற்க, அந்தப் படத்தை அப்படியே கீழே நகர்த்தினார்கள். கால் மடங்கவில்லை, புல் விலகவில்லை. இரண்டாம் சீசனைத் திட்டியவர்களே அதைத் திரும்பிப் பார்த்து மெச்சத் தொடங்கினார்கள். இரண்டாம் சீசனின் தவறுகளுக்கு ஸ்டூடியோவின் பெயரே விளக்கம் என்றால், அதே பெயரில் இன்னொரு சரிவு வந்ததற்கு என்ன விளக்கம்? ஆறு ஆண்டு என்பது ரசிகர்கள் காத்திருந்த காலம். அந்தக் காலமெல்லாம் அனிமேட்டர்களின் மேசைக்கு வந்து சேர்ந்ததாகத் திரையில் தெரியவில்லை.

வசை எப்போதும் கீழ்நோக்கியே விழுகிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. இயக்குநரின் பெயர் தெரியும், அனிமேஷன் டைரக்டரின் பெயர் தெரியும், ஸ்டூடியோவின் பெயர் தெரியும், திட்டுகிறார்கள். எந்தப் பருவத்தில் ஒளிபரப்ப வேண்டும், எவ்வளவு தொகை, யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுத்தவர்கள் பெயர்ப் பட்டியலில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறார்கள். ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடரின் தயாரிப்புக் குழு தன் பெயராகப் போட்டுக்கொண்டிருப்பது கதைக்குள் வரும் அமைப்பின் பெயரை: ‘ஹீரோ சங்கத் தலைமையகம்’. அடுத்த சீசனுக்குக் காலம் போதுமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அதையும் ஒளிபரப்புத் தேதி குறிக்கப்படும் முன்பே கேட்டாக வேண்டும்.